கியர்பாக்ஸ் பேசுகிறது... காது கொடுங்கள்!

'கியர்பாக்ஸா? அது ஆம்பளைங்க சமாசாரமாச்சே!' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவது, மாமியாரை டாக்டரிடம் கூட்டிப் போவது, வரும் வழியில் காய்கறி வாங்கி வருவது என்று வீட்டுக் காரை அதிகம் ஓட்டுவது இன்று பல வீடுகளில் நாம்தான். 2014-ல் மாருதி செலேரியோவில் குறைந்த விலை ஆட்டோமேட்டிக் வந்த பிறகு, 'கிளட்ச் மிதிக்கிற தொல்லை இல்லை' என்று அதையே கேட்டு வாங்குகிறவர்களும் நம்மில் நிறையப் பேர்.

தினமும் ஓட்டுகிறவளுக்குத்தான் வண்டியில் ஏற்படும் மாற்றம் முதலில் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதைத் தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்பே தாய் கண்டுபிடித்துவிடுகிறாள் அல்லவா, அதுபோலத்தான். கியர்பாக்ஸும் பெரும்பாலும் ஒரே நாளில் படுத்துவிடுவதில்லை. முன்கூட்டியே சாடை காட்டும். அதைக் கவனித்தால் சில ஆயிரத்தில் முடியக்கூடிய வேலை, கவனிக்காவிட்டால் லட்சத்தில் போய் நிற்கலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது எது?

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. 'டார்க் கன்வர்ட்டர்' என்பது பழைய, பெயர்பெற்ற வகை. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில், அவ்வளவுதான். 'சி.வி.டி.' வகையில் தனித்தனி கியர்கள் கிடையாது. இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் வேலை செய்யும். 'ஏ.எம்.டி.' என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான்; நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி கிளட்சை மிதித்து கியர் போடுகிறது. 'டி.சி.டி.' வகையில் இரண்டு கிளட்ச். உங்களுடையது எது என்று வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ.எம்.டி.யில் கியர் மாறும்போது தலை லேசாக முன்னே ஆடுவதும், சி.வி.டி.யில் வேகம் கூடும் முன் இன்ஜின் சத்தம் கூடுவதும் சகஜம். நோய் எது, சுபாவம் எது என்று தெரிந்தால் வீண் பயம் இல்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

தாமதம்: 'பி'யிலிருந்து 'டி'க்கோ 'ஆர்'க்கோ மாற்றியதும் ஓரிரு நொடிக்குள் வண்டி பிடிக்க வேண்டும். அதற்கு மேல் யோசித்துவிட்டு 'டக்'கென்று இடித்துக்கொண்டு கிளம்பினால், ஆயில் குறைந்திருக்கலாம். உள்ளே அழுத்தம் போதாமல் இருக்கலாம்.

வழுக்கல்: மிக்ஸியில் கப்ளர் தேய்ந்துபோனால் மோட்டார் உறுமும், பிளேடு சுற்றாது. அதே கதைதான் இங்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க இன்ஜின் அலறும். வண்டி முன்னே போகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில், பின் சீட்டில் குழந்தைகளோடு இப்படி ஆனால் என்ன கதி? இது தெரிந்த பிறகு மலைப்பயணம் வேண்டவே வேண்டாம்.

நடுக்கம்: சமமான வேகத்தில் போகும்போது, கரடுமுரடான கோடுகள் மேல் ஓடுவதுபோல் வண்டி அதிர்ந்தால் டார்க் கன்வர்ட்டரோ, ஆயிலோ கெட்டிருக்கலாம். டயர், இன்ஜின் மவுண்ட் கோளாறிலும் அதிர்வு வரும். எனவே பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

வாசனை: அடிப்பிடித்த பாத்திரம்போல் தீய்ந்த வாடை வந்தால் கிளட்சோ ஆயிலோ சூடேறிக் கருகுகிறது என்று அர்த்தம்.

கறை: பல கியர்பாக்ஸ்களில் ஆயில் சிவப்பு. புதிதாக இருக்கும்போது ரோஜா சர்பத் நிறம்; கருகினால் கஷாய நிறம். ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது! சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் கார்கள் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். அப்படி மூழ்கிய வண்டியை 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே' என்று சாவியைத் திருப்பாதீர்கள்.

ஒரே கியரில் பிடிவாதம்: விளக்கு எரிந்து, வண்டி ஒரே கியரில் நின்று, வேகமெடுக்க மறுத்தால், கம்ப்யூட்டர் கியர்பாக்ஸைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று பொருள். அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டாலும் ஒர்க்ஷாப்புக்குப் போவதே நல்லது.

இன்னொன்று. 'பி'யிலிருந்து கம்பி நகரவே மாட்டேன் என்கிறதா? பதறாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் கோளாறு பிரேக் ஸ்விட்சிலோ ஃப்யூஸிலோ இருக்கலாம். சின்ன வேலைதான்!

மிரட்டினால் மிரளாதீர்கள்

என் ஓரகத்தியின் வண்டி ரிவர்ஸ் பிடிக்கத் தாமதித்தது. முதலில் காட்டிய இடத்தில், "ஆட்டோமேட்டிக்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்கள். பத்து நாள் கழித்துப் போனால், "கியர்பாக்ஸையே மாத்தணும்" என்றார்கள்! ஆயிலைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து இரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடச் சொன்னேன். காலையில் அட்டையில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்புக் கறை. வேறொரு மெக்கானிக் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, கசிந்த சீலை மாற்றி, சரியான ஆயிலை ஊற்றினார். வண்டி இன்றும் ஓடுகிறது. கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

ஒர்க்ஷாப் போகுமுன் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: என்றைக்கு ஆரம்பித்தது? காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? எந்த வேகத்தில்? என்ன விளக்கு எரிந்தது? மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். கம்ப்யூட்டரில் என்ன கோட் வந்தது, ஆயில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் 'மாற்று' என்றால், இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தினசரிப் பழக்கம்

* வண்டி முழுக்க நின்ற பிறகே 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்றுங்கள்.

* சரிவில் நிறுத்தும்போது கால் பிரேக்கை விடாமல் முதலில் ஹாண்ட்பிரேக், பிறகு 'பி'. 'பி'யில் வண்டியைப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பல்தான். மொத்த பாரத்தையும் அதன் மேல் சுமத்தலாமா?

* மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். ஏ.எம்.டி., டி.சி.டி. கிளட்ச் தேய்ந்துபோகும். பிரேக் எதற்கு இருக்கிறது?

* இறக்கத்தில் 'என்'னில் உருட்டாதீர்கள். குறைந்த கியரில் இறங்குங்கள்.

* ஆயில் மாற்றக் கையேட்டில் சொன்ன கணக்கு, சொன்ன ரகம். ஒரு வகைக்கு உரியதை இன்னொன்றில் ஊற்றினால் வினைதான். நெரிசலிலேயே ஓடும் வண்டிக்குத் தனிக் கணக்கு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வழியில் வண்டி வழுக்க ஆரம்பித்தால் மேலும் மிதிக்காதீர்கள். நான்கு பக்க விளக்கையும் போட்டு இடது ஓரம் ஒதுங்கி, ஹாண்ட்பிரேக் இழுத்து, 'பி'யில் போடுங்கள். குழந்தைகளைச் சாலைப் பக்கம் இறக்காமல் இடப்புறக் கதவால் இறக்குங்கள். கயிறு கட்டி இழுக்க யாராவது ஓடி வந்தால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே ஆயில் ஓட்டமின்றி இன்னும் கெடலாம். வண்டியை முழுதாக மேலே ஏற்றிப் போகும் லாரியைக் கூப்பிடுங்கள்.

நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் இரண்டு காரியம் செய்யுங்கள், போதும். தரையில் கறை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 'டி'க்கு மாற்றியதும் மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணுங்கள். இரண்டுக்குள் வண்டி பிடித்துவிட்டால் நிம்மதியாகக் கிளம்பலாம்!