செவிலியரின் பணி உளைச்சலும் பணித் தெரிவும்

செவிலியரின் பணி உளைச்சல் என்பது நோயாளர் பராமரிப்பில் ஈடுபடும் செவிலியருக்குப் பணியின் அளவு, நேரமுறை, ஊதியம், பொறுப்பு ஆகியவற்றால் உண்டாகும் உடல், மனச் சோர்வைக் குறிக்கும். இச்சோர்வு நீடிக்கும்போது வார்டு மாற்றம், மேற்படிப்பு, அரசுப் பணி, வெளிநாட்டுப் பணி, தொழிலைக் கைவிடல் என்பனவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நிலை பலருக்கு ஏற்படுகின்றது. உளைச்சலைத் தாங்கும் வழிகளைப் பற்றியும் பணித் தெரிவைப் பற்றியும் தனித்தனியே எழுதுவதே வழக்கம். தமிழ்நாட்டுச் செவிலியரின் வாழ்வில் இவ்விரண்டும் பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளன. மதுரை நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளி வட்டாரங்களும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சொல்

சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தொல்காப்பிய மரபில் தோழியின் தாயும் அவளே. பிற்காலத்தில் நோயாளரைப் பேணும் தொழில் செய்பவருக்கு இச்சொல் வழங்கலாயிற்று. இலங்கையில் தாதியர் என்பர். மதுரைப் பேச்சு வழக்கில் ஆண் நோயாளி, பெண் நோயாளி, உடனிருப்போர் எல்லாரும் 'சிஸ்டர்' என்றே அழைக்கின்றனர். வளர்ப்புத் தாய், உடன்பிறந்தாள் எனும் இவ்வுறவுப் பெயர்கள் மதிப்பைத் தருவன. எனினும் தாயும் தமக்கையும் ஊதியம் கேட்பதில்லை என்ற எண்ணத்தையும் அவை உடன் கொண்டு வருகின்றன எனலாம்.

மதுரைச் சூழல்

மதுரையில் மேலைநாட்டு மருத்துவம் பரவியதில் 1834இல் வந்த அமெரிக்க மதுரை மிஷனுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பெயரில் இயங்கிய அரசு மருத்துவமனை இன்று அரசு இராசாசி மருத்துவமனை எனப்படுகின்றது. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி இதனோடு இணைந்தது. மக்கள் இதனைப் 'பெரியாஸ்பத்திரி' என்பர். தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் கடுமையான நோயாளிகள் இங்கு அனுப்பப்படுகின்றனர். நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியோர், பாம்புக் கடிக்கு ஆளானோர், பூச்சிமருந்து அருந்தியோர், மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் கண்டோர் என வருவோரில் பலர் காலம் தாழ்ந்தே வந்து சேர்கின்றனர். வேறிடம் அனுப்ப இயலாத இறுதி மருத்துவமனை என்பதால், இடம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதும் அரிது. அந்தச் சுமை வார்டில் இருக்கும் செவிலியரிடம் வந்து நிற்கின்றது. தமிழ்நாட்டின் முதல் கோவிட் இறப்பு 2020 மார்ச் 25 அன்று இம்மருத்துவமனையிலேயே நேர்ந்தது.

நகரைச் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி முதலிய ஊர்ப்பகுதிகளில் நிலை வேறு. சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் பெரும்பாலும் தனியாளாகவே பணி செய்கின்றார். கருவுற்றோரைப் பதிவு செய்தல், தடுப்பூசி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்ட விண்ணப்பங்கள், பதிவேடுகள், கணினிப் பதிவு என வேலை ஓயாது. வார்டுச் செவிலியரின் துன்பம் கூட்டத்தால் வருவது; இவருடைய துன்பம் தனிமையாலும் கணக்குகளாலும் வருவது. இரண்டுக்கும் ஒரே மருந்து பரிந்துரைப்பது பயனற்றது.

உளைச்சலின் தோற்றம்

பணியால் எரிந்து தீர்ந்த நிலையைப் பற்றி 1974இல் அமெரிக்க உளவியலாளர் எர்பர்ட் பிராய்டன்பெர்கர் எழுதினார். கிறிசுடினா மாசுலாக் என்பவர் அதனை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: உணர்வு வற்றிப்போதல், நோயாளரை மனிதராகப் பாராமல் விலகி நிற்றல், தம் வேலையில் பயன் ஏதுமில்லை என்று எண்ணுதல். உலக சுகாதார அமைப்பு 2019இல் இதனை நோய் என்று வகைப்படுத்தாமல் பணி சார்ந்த நிகழ்வு என்றே குறித்தது. இக்குறிப்பு முக்கியமானது, குறையை ஆளிடம் மட்டும் தேடாமல் பணியிடத்திலும் தேடச் சொல்கின்றது.

இசபெல் மென்சீசு என்னும் உளப்பகுப்பாய்வாளர் இலண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் அமைப்பை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது. சாவையும் வலியையும் நாளும் காணும் அச்சத்திலிருந்து செவிலியரைக் காக்க, மருத்துவமனை வேலையைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்திருந்தது. ஒருவர் எல்லாருக்கும் வெப்பம் பார்ப்பார். இன்னொருவர் எல்லாருக்கும் மருந்து கொடுப்பார். நோயாளியின் பெயர் மறைந்து, கட்டில் எண்ணும் உறுப்பின் பெயரும் வழங்கின. அச்சம் குறைவதற்கென்று அமைந்த இம்முறை, ஒருவரைப் பேணிக் குணமாக்கிய நிறைவையும் செவிலியரிடமிருந்து பறித்தது. பயிற்சி மாணவியர் பலர் இடையிலேயே விலகினர். 'பத்தாம் கட்டில் அப்பெண்டிக்ஸ்' என்று பேசும் நம்மூர் வார்டுகளிலும் இதன் சாயலைக் காணலாம்.

நோயாளர் எண்ணிக்கை பற்றிய சான்று இன்னும் உறுதியானது. லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, செவிலியர் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது அறுவை நோயாளர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் எரிந்து தீரும் வாய்ப்பு 23 விழுக்காடும் உயர்ந்தன. கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் உச்ச எண்ணிக்கையை நடைமுறைப்படுத்தியது. இந்திய செவிலியர் குழுமம் பயிற்சி மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒருவர், பிற பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒருவர் என்று அளவுகோல் வகுத்தது. இது சட்டம் ஆகாமையால் ஏட்டளவிலேயே பெரிதும் நின்றுவிட்டது.

இரவுப் பணி மற்றொரு காரணம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் இரவு முறைப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற வகையில் சேர்த்தது. காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் சுழலும் முறையை உடல் ஓரளவு ஏற்கும். இரவிலிருந்து மாலைக்கும் காலைக்கும் பின்னோக்கித் தாவும் முறை கடினமானது. பட்டியல் தயாரிக்கும் தலைமைச் செவிலியருக்கு இதனால் செலவு ஏதுமில்லை.

ஒப்பந்தச் செவிலியர் நிகழ்வு

உளைச்சலும் பணித் தெரிவும் எவ்வாறு பிணைகின்றன என்பதற்குத் தமிழ்நாட்டின் ஒப்பந்தச் செவிலியர் வரலாறே சிறந்த சான்று. 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் போட்டித் தேர்வு நடத்தி 7,000க்கும் மேற்பட்ட பணியிடங்களுக்குச் செவிலியரைத் தெரிவு செய்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் முறைப்படுத்தப்படுவர் என்பது எதிர்பார்ப்பு. தனியார் மருத்துவமனைகளில் இதைவிடக் கூடுதலாகப் பெற்று வந்தோரும், நிரந்தரம் என்ற நம்பிக்கையால் அவ்வேலையை விட்டு வந்தனர். இரண்டாண்டு கடந்தும் பெரும்பாலோர் முறைப்படுத்தப்படவில்லை. 2017 நவம்பர் 27 அன்று சென்னை தேனாம்பேட்டையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு போராடினர். சென்னை உயர் நீதிமன்றம் போராட்டத்தைக் கைவிடுமாறு உத்தரவிட்டது. பின்னர் ஊதியம் 14,000 ரூபாய், 18,000 ரூபாய் எனப் படிப்படியாக உயர்த்தப்பட்டது. முறைப்படுத்தல் காலியிடங்களைப் பொறுத்துச் சிறுசிறு தொகுதிகளாகவே நடந்தது.

கோவிட் காலத்தில் இதே வாரியம் வழியாகத் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டோரில் 2,000க்கும் மேற்பட்டவரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 உடன் முடிந்தது. 2023 சனவரியில் பல மாவட்டங்களில் அவர்கள் போராடியபோது, மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக மாற்றுப் பணி தருவதாக அரசு தெரிவித்தது.

இவ்வரலாறு காட்டுவது ஒன்று உண்டு: ஒரே வார்டில் ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவர் மற்றவரின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கையே பெறும்போது, மூச்சுப் பயிற்சியாலும் தியானத்தாலும் அக்குறை தீர்வதில்லை. மாசுலாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் 1997இல் எழுதிய நூலில் வேலைச் சுமை, தன்னுரிமை, பலன், உடன் பணிபுரிவோர், நேர்மை, விழுமியம் என்னும் ஆறு களங்களை வகுத்தனர். இவற்றுள் எதில் பொருத்தமின்மை உள்ளது என்று பார்ப்பது, பணியை மாற்றும் முன் செய்யத்தக்க முதற் கேள்வியாகும். சுமையே சிக்கல் எனில் வார்டு மாற்றம் போதலாம். நேர்மையே சிக்கல் எனில் அதே நிறுவனத்தில் வார்டு மாறுவதால் பயன் குறைவு.

முதல் ஆண்டு

மார்லின் கிரேமர் 1974இல் வெளியிட்ட நூல், புதிய செவிலியர் கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் காண்பதற்கும் இடையே படும் அதிர்ச்சியை விவரிக்கின்றது. தொடக்க மகிழ்ச்சி, அதிர்ச்சி, தேறுதல், அமைதல் எனும் கட்டங்களில் இரண்டாவதிலேயே பலர் விலகுகின்றனர். பட்டிரிசியா பென்னர் 1984இல், புதியவர் தேர்ந்தவராகப் பல ஆண்டுகளும் படிநிலைகளும் வேண்டும் என விளக்கினார். எனவே முதலாண்டில் தோன்றும் 'இத்தொழில் எனக்கு ஆகாது' என்ற எண்ணத்தை உடனே முடிவாகக் கொள்ளாதிருத்தல் நல்லது. உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, பணிக்குக் கிளம்பும்போதே நெஞ்சடைப்பு முதலியன வாரக்கணக்கில் நீடித்தால் அது வேறு. அதற்கு மருத்துவ உதவி வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானசு சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பெறலாம்.

முறை மாற்றத்தின்போது நோயாளர் விவரத்தை முழுமையாக ஒப்படைத்துவிட்டுக் கிளம்புதல், இறப்பு நிகழ்ந்த இரவுக்குப் பின் மூத்த செவிலியருடன் சிறிது நேரம் பேசுதல் ஆகிய இரண்டும் பலருக்கு உதவுவன. வீட்டில் பேசுவது எளிதன்று. சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும்.

தெரிவுகள்

துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு, பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டு, இளநிலைப் பட்டம் 4 ஆண்டு. பட்டயம் பெற்றோர் 2 ஆண்டு மேற்படிப்பால் பட்டம் பெறலாம். முதுநிலை முடித்தோர் கல்லூரிகளில் கற்பிக்கச் செல்கின்றனர். உடல் தளர்ந்தோருக்கு இரவுப் பணியற்ற கற்பித்தல் ஏற்றது என்பர். ஆயினும் தனியார் கல்லூரிகள் பெருகிய பின் அங்கும் ஊதியம் ஒரே சீராக இல்லை. மதுரையில் 1976இல் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர்ப்புறப் பெண்களுக்கு 2 ஆண்டு பயிற்சியளித்துக் கண் மருத்துவப் பணியாளராக்குகின்றது. இவர்கள் பதிவு பெற்ற செவிலியர் அல்லர் என்பதைப் படிப்பைத் தெரிவு செய்யும் மாணவியர் அறிந்திருத்தல் வேண்டும்.

தனியார் மருத்துவமனை ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016 சனவரியில் அளித்த வழிகாட்டலின்படி அமைந்த வல்லுநர் குழு, 200 படுக்கைக்கு மேற்பட்டவை அரசுக்கு நிகராகவும், 100க்கு மேற்பட்டவை அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையாமலும், 50 முதல் 100 வரை 25 விழுக்காட்டுக்கு மேல் குறையாமலும், 50க்குக் கீழ் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் ஊதியம் தரப் பரிந்துரைத்தது. இது பரவலாகச் செயலுக்கு வரவில்லை. எனினும் வேலைக்கான நேர்காணலில் கேட்கத் தக்க ஓர் அளவுகோல் இது. மூலச் சான்றிதழ்களை நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் பின்னாளில் பணி மாறும் உரிமையையே முடக்கிவிடும்.

மகப்பேறு விடுப்பிலும் வேறுபாடு உண்டு. நிரந்தர அரசுப் பணியில் 2021 முதல் 12 மாதம். தனியாரில் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 26 வாரம். அரசுப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் முடிவில் ஊதியத்துக்கு நிகராக இதுவும் இடம்பெறுகின்றது.

வெளிநாடு செல்வோர்க்கு, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அரசு சார்ந்த முகமைகள் வழியாகவே செல்ல வேண்டும் என 2015இல் மத்திய அரசு விதித்தது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அத்தகையது. 2015இல் கொச்சியில் வெளிவந்த வழக்கு ஒன்றில், ஒருவரிடம் 19,500 ரூபாய் மட்டுமே பெறத்தக்க முகமை ஏறத்தாழ 19.5 இலட்சம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. கடன் வாங்கிச் செல்பவர் அங்குள்ள பணி எவ்வளவு கொடிதாயினும் கடன் தீரும்வரை விட்டு வர இயலாது. உளைச்சலிலிருந்து தப்பச் செல்லும் பயணத்தில் முதலில் கணக்கிட வேண்டியது ஊதியத்தை அன்று, இக்கடனையே. அமெரிக்காவுக்கு அந்நாட்டு உரிமத் தேர்வும், பிரித்தானியாவுக்கு ஆங்கிலத் தேர்வும் தேவை; இரண்டுக்கும் தமிழ்நாடு செவிலியர் குழுமப் பதிவு நடப்பில் இருத்தல் வேண்டும்.

திருமணம், குழந்தை, முதியோர் பராமரிப்பு காரணமாகச் சில ஆண்டுகள் விலகி இருப்போரும் இப்பதிவைப் புதுப்பித்து வருவது வழக்கம். 2023இல் நிறைவேறிய தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டமும் மாநில, தேசியப் பதிவேடுகளை வேண்டுகின்றது. அவ்வாறு திரும்பி வருவோர் பலர் பழைய மருத்துவமனைக்குச் செல்லாமல் குருதி சுத்திகரிப்பு நிலையம், பள்ளி, தொழிற்சாலை மருத்துவ அறை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் முதலியவற்றில் சேர்கின்றனர்.