கான்குன்: 'ஆளில்லாத கரை'யின் அரசியல்

இயற்கை கொடுத்த அழகு, தானாகச் சேர்ந்த கூட்டம் - சுற்றுலாத்தலம் என்றால் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். மெக்ஸிகோவின் கரீபியக் கரையிலுள்ள கான்குன் இந்த நினைப்பைக் கவிழ்த்துப்போடுகிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது பயணியல்ல, நாட்டின் மத்திய வங்கி.

1960களின் கடைசியில் மெக்ஸிகோவுக்கு டாலர் வேண்டியிருந்தது. வங்கி அதிகாரிகள் கரைகரையாக அலசிக் கணக்குப் போட்டார்கள். 1969இல் இதற்கென்றே ஒரு நிதியம். 1970இல் வேலை தொடக்கம். 1971இல் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் கடன். 1974இல் முதல் ஹோட்டல்கள். அதுவரை மத்திய ஆட்சிப் பகுதியாயிருந்த கின்டானா ரோ மாநிலமானதும் அதே ஆண்டில்தான்.

"அங்க யாரு இருந்தா? தென்னந்தோப்புக்குக் காவலா ரெண்டு மூணு பேரு." இது இன்றும் சொல்லப்படும் கதை. அந்த மணல்திட்டைப் பொறுத்தவரை பொய்யுமல்ல. ஆனால் 'யாருமில்லை' என்ற நிலை எப்படி உருவானது? பக்கத்துத் தீவான இஸ்லா முஹேரெஸ் மீனவர்களின் ஊர். அதே மணல்திட்டில் எல் ரேய் என்னும் மாயா குடியிருப்பின் இடிபாடுகள் கிடக்கின்றன. 1847இல் யுகடானின் மாயா மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இந்தக் கிழக்குக் காடுகளில் அரை நூற்றாண்டு அவர்கள் அடங்கவில்லை. 1901இல் ராணுவம் அவர்களது தலைநகரைப் பிடித்தது. காட்டுக்குள் சூயிங்கம் வியாபாரமும் பரவியது. அதன் மூலப்பொருள் நம்ம சப்போட்டா மரத்துப் பால்தான்.

ஆக, 'ஒதுக்குப்புறம்' என்பது பூகோளம் மட்டுமல்ல, வரலாறு. 'காலி' என்பது இடத்தின் குணமல்ல, அதிகாரத்தின் பார்வை. நம்மூரில் பதிவேட்டில் 'புறம்போக்கு' என்று எழுதியதும் அங்கே ஆடு மேய்த்தவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறாரே, அதுபோல.

நகரம் வரைபடத்திலேயே இரண்டாகப் பிரிக்கப்பட்டது: கடலோரம் ஹோட்டல் வரிசை, உட்புறம் வேலைக்காரர்களின் ஊர். கட்டட வேலைக்கு யுகடான் கிராமங்களிலிருந்து மாயா மொழி பேசுபவர்கள் வந்தார்கள். தெற்கே நீளும் கரைக்கு 'ரிவியேரா மாயா' என்று பேர் வைத்து விற்கிறார்கள். பெயர் பலகையில், ஆள் சமையலறையில். 2020 கணக்கெடுப்பில் கான்குன் மக்கள்தொகை ஏறத்தாழ 9 லட்சம்.

கடலோ இந்தத் திட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. மணல்மேடும் கடலும் ஒன்றுக்கொன்று மணலைக் கொடுத்து வாங்குபவை. மேட்டின் மேலேயே கட்டடம் எழுப்பினால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகும். 1988இல் கில்பர்ட் புயல், 2005இல் வில்மா. கரை கரைந்தது. கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி வந்து கொட்டினார்கள். 'இயற்கையான' கடற்கரையும் உற்பத்திப் பொருளாயிற்று. 2016 ஜனவரியில் தாஹமார் பகுதியில் அலையாத்திக் காட்டை இயந்திரங்கள் அழித்தபோது ஊர்மக்கள் எதிர்த்தார்கள். நீதிமன்றம் வேலையை நிறுத்தியது.

மெக்ஸிகோ சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. அதற்குப் போகும் உரிமையை உறுதிப்படுத்த 2020இல் சட்டத்தைத் திருத்தவும் வேண்டியிருந்தது. ஏன்? கரை எல்லாருக்கும் பொதுதான்; கரைக்குப் போற வழிதான் ஹோட்டலுக்குள்ள மாட்டிக்கிச்சு.