குடிபெயரும் பெற்றோரும் பள்ளித் தேர்வும்

குடிபெயர்தல் நம் மக்களுக்குப் புதிதன்று. கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குத் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள். ஆனால், பள்ளியைத் தேர்ந்தெடுத்தல் என்பது நமக்குப் புதிது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளியொன்று அமைத்துத் தரவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி என்னும் பெயருக்கு அந்நாளில் பல இடங்களில் வாய்த்தது ஒரு கொட்டகை. ஆசிரியராக வாய்த்தவர் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ. நல்லதோ கெட்டதோ, இருந்தது ஒன்றே. அந்த ஒன்றுக்கே பிள்ளை போயிற்று. தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையும் இல்லை, வழியும் இல்லை. பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும், வீடமைப்புக்கும், தொழிற்பேட்டைக்கும் மாறின. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. மக்கள் பட்டணத்தை நாடினர். சில பள்ளிகளும் அவர்கள் பின்னே பட்டணத்துக்கு இடம் மாறின. இன்று கிள்ளானிலோ, சுங்கை பட்டாணியிலோ, ஜொகூர் பாருவிலோ வாடகைக்கு வீடு பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் இரண்டு தமிழ்ப்பள்ளிகளும் ஒரு தேசியப் பள்ளியும் இருக்கக்கூடும். பாட்டனும் தந்தையும் சொல்லிக் கொடுக்காத ஒரு காரியத்தை அக்குடும்பம் ஒரு வார விடுமுறைக்குள் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனாகிய நான் இதைப் பற்றி எழுதுவது என் அடிமடியிலேயே கை வைப்பது போலத்தான். ஒரு குடும்பம் பெயர்ந்தால் எங்கள் பதிவேட்டில் இரண்டு மூன்று பெயர்கள் குறைகின்றன. மாணவர் தொகை 150-க்குக் குறைந்துவிட்டால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்னும் பட்டியலில் எங்கள் பெயர் ஏறுகிறது. ஆயினும், வேலை தேடிப் போகிறவர்களைத் தடுப்பார் யார்? போகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும் என்பதே என் விருப்பம்.

எம்மொழிப் பள்ளியில் சேர்ப்பது என்பது வேறு கேள்வி. அதில் என் கருத்து யாவரும் அறிந்ததே. இங்கு அதை எடுக்கவில்லை. எந்தப் பள்ளியானாலும் அது நன்றாகக் கற்பிக்கிறதா என்று அறிவது எவ்வாறு என்பதே இங்கு நாம் ஆராய்வது.

இன்று பெற்றோர் என்ன செய்கின்றனர்? கட்டடத்தைப் பார்க்கின்றனர். மூன்று மாடி, கணினி அறை, குளிர்சாதன வசதி, வாயிலில் வளைவு. அடுத்து, புலனக் குழுக்களில் விசாரிக்கின்றனர். 'அது நல்ல ஸ்கூல்' என்று நால்வர் சொன்னால் போதும். அந்த நால்வரும் யாரிடம் கேட்டார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முன்னர் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். சோதனை இருந்தது. 1988 முதல் நடைபெற்ற அச்சோதனையில் எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றனர் என்று பள்ளி வேலியில் பெரிய பதாகை கட்டுவார்கள். 2021-இல் சோதனை நிறுத்தப்பட்டது, பதாகையும் போயிற்று. பள்ளியை எடைபோட இருந்த ஒரே தராசும் போய்விட்டதே என்று வருந்துவோர் பலர். அத்தராசு எடை காட்டியது உண்மை. ஆனால், எதன் எடையை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், கற்பனைக் கணக்குத்தான். இரண்டு பள்ளிகள். ஒவ்வொன்றிலும் முதலாம் ஆண்டில் 30 பிள்ளைகள். முதற்பள்ளிக்கு வந்தவர்களில் 24 பேர் பாலர் பள்ளியில் பணம் கட்டிப் படித்து, எழுத்தைக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். 6 பேர் தெரியாமல் வந்தவர்கள். இரண்டாம் பள்ளியில் இது தலைகீழ்: 6 பேர் தெரிந்து வந்தவர்கள், 24 பேர் தெரியாமல் வந்தவர்கள். இரண்டாம் ஆண்டின் முடிவில் முதற்பள்ளியில் 27 பேர் நன்றாக வாசிக்கின்றனர். இரண்டாம் பள்ளியில் 24 பேர். ஊரார் முதற்பள்ளியையே மெச்சுவார்கள். பதாகை கட்டினாலும் அதற்குத்தான் கட்டத் தகும்.

இனி, வேறு வகையில் எண்ணிப் பாருங்கள். தெரியாமல் வந்த 6 பேரில் முதற்பள்ளி வாசிக்க வைத்தது 3 பேரை, அதாவது பாதி. தெரியாமல் வந்த 24 பேரில் இரண்டாம் பள்ளி வாசிக்க வைத்தது 18 பேரை, அதாவது முக்கால். கற்பித்த பள்ளி எது? முதற்பள்ளியின் பெருமையில் பெரும்பகுதி, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தோட்டத்திலிருந்து போகும் பிள்ளை, தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளை, பெரும்பாலும் எந்த வரிசையில் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்தக் குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி, 'இங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர்?' என்பதன்று, 'பின்தங்கி வந்த பிள்ளையை இங்கே என்ன செய்கிறார்கள்?' என்பதே. வசதியுள்ள வீட்டாரும் இதையே கேட்டால் நட்டமில்லை. எந்தப் பிள்ளையும் ஏதோ ஒரு பாடத்தில், ஏதோ ஓர் ஆண்டில் பின்தங்கத்தான் செய்யும்.

சோதனைக்குப் பதிலாக இன்று வகுப்பறை மதிப்பீடு நடைபெறுகிறது. ஆசிரியர் ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை ஓர் அடைவு நிலை தருகிறார். 3 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. நல்ல ஏற்பாடே. ஆனால், அது அவ்வகுப்பு ஆசிரியரின் கணிப்பு. ஒரு பள்ளியின் 4 மற்றொரு பள்ளியின் 4-க்கு நிகர் என்று கொள்ள முடியாது. எனவே அண்டை வீட்டுப் பிள்ளையின் அறிக்கையில் 5 இருக்கிறது, என் பிள்ளைக்குப் பழைய பள்ளியில் 4 தான் என்று பள்ளிகளை ஒப்பிடுவது, வெவ்வேறு முழக்கோலால் அளந்த துணிகளை ஒப்பிடுவது போலாகும்.

கல்வி அமைச்சுக்கும் பள்ளிகளை அளக்கும் கோல் ஒன்றுண்டு. 2017-இல் வந்த அதன் புதிய வடிவத்தில் ஐந்து கூறுகள்: தலைமைத்துவம், அமைப்பு நிர்வாகம், பாடத்திட்டம் புறப்பாடம் மாணவர் நலம் ஆகியவற்றின் நிர்வாகம், வகுப்பறையில் கற்றல் கற்பித்தல், மாணவர் மேம்பாடு. பள்ளிகளே முதலில் தம்மை மதிப்பிட்டுக்கொள்கின்றன. நாசிர் எனப்படும் பள்ளி ஆய்வாளர் வந்து சரிபார்ப்பதும் உண்டு. பெற்றோர் அந்தப் புள்ளிகளைத் தேடி அலைய வேண்டாம். அவ்வைந்தில் நான்காவதாகிய வகுப்பறைக் கற்பித்தல் ஒன்றே பிள்ளையை நேரே தொடுவது. அதன் தடயத்தைப் பெற்றோரும் கண்ணால் காணலாம். காண்பதற்கு உரிய இடம் பயிற்சிப் புத்தகம்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலந்தொட்டு நான் கைவிடாத பழக்கம் ஒன்று: புதிய வகுப்புக்குள் நுழைந்தால் முதலில் புத்தகக் கட்டைப் பிரிப்பேன். பெற்றோரும் இதைச் செய்யலாம். பள்ளிக்குள் சென்று பிறர் பிள்ளையின் புத்தகத்தைக் கேட்க முடியாது; கேட்கவும் கூடாது. ஆனால், வீடு பார்க்கப் போகும் தாமானில் அப்பள்ளியில் பயிலும் பிள்ளை ஒன்று இருக்கும். பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்துப் பயனில்லை. அது எப்பள்ளியிலும் அழகாகவே இருக்கும். நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளையின் புத்தகமே வேண்டும்.

அதில் முதலில் தேதிகளைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை பயிற்சி? இடையில் மூன்று வாரம் வெறுமையாகக் கிடக்கிறதா? பாடம் நடந்த நாட்களும் நடக்காத நாட்களும் அங்கே பதிவாகியிருக்கும். இரண்டாவது, சிவப்பு மை. ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய 'சரி' அடையாளம் ஒன்று மூலைக்கு மூலை இழுக்கப்பட்டிருந்தால், ஆசிரியர் பக்கத்தைப் புரட்டினார் என்று பொருள். படித்தார் என்று பொருளன்று. பிழையின்கீழ்க் கோடு இருக்கிறதா, அப்பிழையைப் பிள்ளை திருத்தி எழுதியிருக்கிறதா, அத்திருத்தத்தை ஆசிரியர் மீண்டும் பார்த்தாரா என்பதுதான் முக்கியம். இம்மூன்றும் இருக்கும் புத்தகத்தின் ஆசிரியரை நான் நேரில் பாராமலே வணங்குவேன். மூன்றாவது, கட்டுரை. ஒரே வகுப்புப் பிள்ளைகள் இருவரின் கட்டுரை எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்கின்றதா? 'நான் ஒரு பேனா' என்று இருவரும் ஒரே சொற்களில் தொடங்கி, ஒரே உவமையில் முடிக்கின்றனரா? அப்படியானால் கட்டுரையை எழுதியது வெண்பலகை. பிள்ளை பார்த்து எழுதியது. பிழையே இல்லாத அக்கட்டுரையைக் கண்டு பெற்றோர் மகிழ்கின்றனர். நானோ பிழை மலிந்த சொந்த வாக்கியம் ஐந்து இருந்தால் அதையே விரும்புவேன்.

புத்தகம் கிடைக்காவிட்டால் ஒரு தாயைக் கேளுங்கள். பிள்ளை நன்றாகப் படிக்கும் தாயையன்று. படிப்பு மெதுவாக வரும் பிள்ளையின் தாயை. "படிப்பு ஏறலைன்னா டீச்சருங்க என்ன செய்றாங்க அக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாதிருங்கள். "கூப்பிட்டுப் பேசினாங்க, தனியா உட்கார வச்சு வாசிக்கச் சொல்றாங்க" என்பது ஒரு விடை. "டியூசனுக்குப் போடச் சொன்னாங்க" என்பது மற்றொரு விடை. பள்ளி செய்ய வேண்டியதை மாதம் இத்தனை வெள்ளி என்று பெற்றோர் தலையில் இறக்கி வைக்கும் பள்ளி, எத்தனை மாடி கட்டினாலும் எனக்கு ஒப்பாது. குறைநீக்கல் வகுப்பு இருக்கிறதா, அதற்கென ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் கேட்டறியலாம். சில இடங்களில் அந்த ஆசிரியர், விடுப்பில் சென்றவர்களுக்கெல்லாம் மாற்றாக வகுப்பு வகுப்பாக ஓடிக்கொண்டிருப்பார்; பெயருக்கு வகுப்பு, பிள்ளைக்குப் பயனில்லை.

தமிழ்ப்பள்ளியைத் தேர்வோர் கூடுதலாகக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லுகையில், தேசிய மொழியில் போதிய தேர்ச்சியில்லாத பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க நேர்கிறது. கடந்த ஆண்டு அப்பள்ளியிலிருந்து எத்தனை பேர் புகுமுகத்துக்குச் சென்றனர் என்று தலைமையாசிரியரைக் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் சொல்லுவார். தொகை பெரிதாக இருப்பதனால் மட்டும் பள்ளியைத் தள்ளிவிட வேண்டாம். முன்சொன்ன கணக்கு இங்கும் பொருந்தும். அவர் அத்தொகையை உடனே சொல்கிறாரா, அதற்கு என்ன செய்கிறோம் என்று தொடர்ந்து பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள். தம் பள்ளியின் பலவீனத்தை எண்ணிக்கையோடு அறிந்த தலைமையாசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

சிறிய பள்ளி என்றால் தாழ்ந்த பள்ளி என்னும் எண்ணமும் பரவலாக உள்ளது. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பிப்பர். அது எளிய வேலையன்று. அனுபவமில்லாத ஆசிரியர் கையில் இரு சாராரும் கெடுவர். ஆனால், வகுப்பில் 9 பேர் இருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் உரக்க வாசிக்கலாம். 38 பேர் இருக்கும் வகுப்பில் ஒருவருக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலே பாடவேளை முடிந்துவிடும்.

நிற்க. வீட்டை முதலில் பிடித்துவிட்டுப் பள்ளியைப் பிறகு தேடுவதே நம்மவர் வழக்கம். முன்பணம் கட்டிய பின் பள்ளி பிடிக்காவிட்டால் என் செய்வது? பள்ளியை முதலிற் பார்த்துவிட்டு, அதற்கு அண்மையில் வீடு தேடுவதே முறை. முதலாம் ஆண்டுப் பதிவு, பிள்ளை பள்ளி செல்லும் ஆண்டுக்கு முன்னரே நடந்துவிடுவதால், அவ்வயதுப் பிள்ளையுள்ளோர் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். போக்குவரத்தையும் எண்ணுக. வேன் வரும் நேரம் விடியற்காலை ஐந்தரை என்றால், அப்பிள்ளை முதற்பாடத்தில் தூங்கும். அதற்கு எந்த ஆசிரியரும் பொறுப்பல்லர்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் திறப்பு விழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ போக வேண்டாம். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை, அனுமதி பெற்று, ஓய்வு நேரத்துக்குச் சற்று முன் போங்கள். வகுப்புகளில் ஆசிரியர்கள் இருக்கிறார்களா? மணி அடித்த பின் சிற்றுண்டிச்சாலையில் சத்துணவுத் திட்டத்தில் உண்ணும் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளும் பணியாளர்களும் எவ்வாறு நடத்துகின்றனர்? கழிப்பறையையும் எட்டிப் பாருங்கள். தோட்டத்திலிருந்து புதிதாக வந்த பிள்ளையின் பேச்சைக் கேட்டுப் பட்டணத்துப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அச்சிரிப்பை ஆசிரியர் எப்படி எதிர்கொள்கிறார் என்பது ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கையில் பிறப்புப் பத்திரம் முதலிய ஆவணங்களை எல்லோரும் பத்திரமாக எடுத்துக்கொள்கின்றனர். இரவலாகப் பெற்ற பாடநூல்களைப் பள்ளியில் ஒப்படைத்துவிடுகின்றனர். பயிற்சிப் புத்தகங்களை மட்டும் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டுப் புறப்படுகின்றனர். அவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். தமிழ், தேசிய மொழி, கணிதம் ஆகிய மூன்று புத்தகங்கள் போதும். முதல் வாரத்திலேயே புதிய வகுப்பாசிரியரிடம் கொடுத்து, பிள்ளை எதுவரை படித்திருக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் அவற்றை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறாரா, அலமாரியின் மேல் வைத்துவிடுகிறாரா என்பதை நீங்களும் நின்று பாருங்கள்.