கிடையிலிருந்து வரும் காய்ச்சல்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சை, திருவாரூர் வயல்களுக்குப் போவது பழைய வழக்கம். அறுத்த வயலில் கிடை போட்டால் நிலத்துக்கு உரம், ஆட்டுக்கு மேய்ச்சல். போகிற வழியிலேயே ஆடுகள் ஈனும். குட்டி மாறி நின்றால் கையை விட்டுத் திருப்பி எடுப்பதும், நஞ்சுக்கொடியை அப்புறப்படுத்துவதும் கீதாரிதான். பெரும்பாலும் வெறுங்கையால்.

சினையாடு மாதம் நிறையுமுன் குட்டியை வீசுவதற்குப் பல காரணங்கள் உண்டு. புரூசெல்லா என்ற பாக்டீரியா அவற்றில் ஒன்று. ஆடுமாடுகளின் நஞ்சுக்கொடியில் எரித்ரிடால் என்றொரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதை உண்டு இக்கிருமி அங்கே ஏராளமாகப் பெருகும். அந்த நஞ்சுக்கொடியைத் தொட்ட கையில் சிறு கீறல் இருந்தால் போதும். மூச்சுக்காற்று, கண், காய்ச்சாத பால் வழியாகவும் மனிதருக்குத் தொற்றும். மாட்டைத் தாக்கும் வகையைவிட ஆட்டில் வாழும் மெலிடென்சிஸ் வகைதான் மனிதரைக் கடுமையாக வாட்டுகிறது.

தொற்றிய உடனே எதுவும் தெரியாது. சில வாரம், சிலருக்குச் சில மாதம் கழித்துக் காய்ச்சல் வரும். மாலையில் ஏறும், இரவில் உடுப்பு நனைய வியர்க்கும், காலையில் தணியும். மூட்டுவலி, இடுப்புவலி, பசியின்மை, மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். சில நாள் விட்டுவிட்டு மறுபடி அடிக்கும். டைபாய்டு என்றோ, காசநோய் என்றோ எண்ணி மாதக்கணக்கில் மருந்து மாற்றிக்கொண்டிருப்பது இந்நோயில் சகஜம்.

அந்தத் தாமதத்தில்தான் சிக்கல்கள் முளைக்கின்றன. இடுப்பெலும்பு மூட்டும் கீழ்முதுகுத் தண்டும் அதிகம் பாதிக்கப்படும். முதுகெலும்புக் காசநோயில் எலும்பு நொறுங்கிக் கூன் விழக்கூடும்; புரூசெல்லாவில் கூன் அபூர்வம், வலி மட்டும் விடாது. ஆண்களுக்கு விதைப்பை ஒருபக்கம் வீங்கலாம். கர்ப்பிணிக்குக் கரு கலையலாம். சிலருக்கு மூளையுறை அழற்சி வந்து காது மந்தமாகும். இதய வால்வில் தொற்றுவது நூற்றில் ஓரிருவருக்கே. ஆனால் இந்நோயால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவை அதனால்தான்.

மருந்து இருக்கிறது. டாக்சிசைக்ளின் மாத்திரை 6 வாரம். அதோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி 2 அல்லது 3 வாரம், அல்லது ரிஃபாம்பிசின் 6 வாரம். கிருமி நம் வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் ஒற்றை மருந்து போதாது. காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் கேட்டால்தானே செய்வார்கள்? நோயாளி ஆடு வளர்ப்பவரா, அண்மையில் குட்டி வீசியதா என்று மருத்துவர் கேட்டாக வேண்டும்; கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்துக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும், அங்கே வேலை செய்பவருக்கும் எளிதில் தொற்றும் என்பதால்.

மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இக்காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தபோது, 1887இல் டேவிட் புரூஸ் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிய 1905 ஆயிற்று. தெமிஸ்டோகிளிஸ் சம்மித் என்ற உள்ளூர் மருத்துவர் ஆடுகளைச் சோதித்தார். நோயின் அறிகுறியே இல்லாத ஆடுகளிடம் கிருமி இருந்தது. 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

இந்தியாவில் 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதப் பெண் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை இந்நோய்க்கான தடுப்பூசி போடுகிறார்கள். அது பசு, எருமைக் கன்றுகளுக்கு, ஆடுகளுக்கு இல்லை. செம்மறியையும் வெள்ளாட்டையும் நம்பிப் பிழைக்கும் ராமநாதபுரத்துக்கு இது பெரிய குறை. இப்போதைக்குக் கீதாரிக்கும், கடலோரக் கிராமங்களில் நாலைந்து ஆடு கட்டி வளர்க்கும் பெண்களுக்கும் உள்ள காப்பு இவ்வளவே: குட்டி எடுக்கக் கையுறை, பாலைக் காய்ச்சிக் குடிப்பது, வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் நாய்க்குப் போடாமல் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைப்பது, கால்நடை மருந்தகத்தில் சொல்லி அந்த ஆட்டின் இரத்தத்தைச் சோதிப்பது.