கிட்: கிளை பிரிந்த வரலாற்றைத் திருத்தலாமா? ரீபேஸுக்கு முன் கவனிக்க வேண்டியவை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஆர்டர் செய்ய ஓர் ஆப் உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பேமென்ட் பகுதியை ராஜபாளையத்தில் ஒருவரும், டெலிவரி பகுதியை ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொருவரும் எழுதுகிறார்கள். ஆளுக்கொரு கிளை. இரண்டும் மெர்ஜ் ஆகிவிட்டன. இப்போது ஒருவர், "ஹிஸ்டரி குப்பையா இருக்கு, கொஞ்சம் சுத்தம் பண்ணிடலாம்" என்று நினைத்தால்? அங்கேதான் சிக்கலே!

எண் ஏன் மாறுகிறது?

லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது கிட். இதில் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு ஹேஷ் உண்டு. வழக்கமாக 40 எழுத்துகள். கோட், குறிப்பு, நேரம், முந்தைய கமிட்டின் ஹேஷ் எல்லாம் சேர்ந்தே அது உருவாகிறது. எனவே பழைய கமிட்டின் குறிப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும், அதன்மேல் வந்த எல்லா கமிட்டுகளுக்கும் ஹேஷ் மாறிவிடும். பார்க்க அதேதான், கிட்டைப் பொறுத்தவரை எல்லாமே புதுசு.

மெர்ஜ் என்ன ஆகும்?

சாதாரண ரீபேஸ், மெர்ஜ் கமிட்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றை ஒரே வரிசையில் அடுக்கும். எந்தக் கிளை எங்கே சேர்ந்தது என்ற தடயம் போச்சு. இதற்காகவே 2018-ல் கிட் 2.18 பதிப்பில் 'ரீபேஸ்-மெர்ஜஸ்' வந்தது. இது கிளை அமைப்பை மறுபடி கட்டித் தரும். ஆனால் முன்பு மெர்ஜில் கையால் தீர்த்த கான்ஃபிளிக்ட்டை மறுபடி தீர்க்க வேண்டியிருக்கும்.

ஆபத்து எங்கே?

திருத்திய வரலாற்றை சர்வரில் ஏற்ற ஃபோர்ஸ் புஷ் தேவை. இடையில் சக ஊழியர் புஷ் செய்த வேலை அந்தக் கிளையிலிருந்து காணாமல் போகலாம். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் திட்டத்தில், தவறுதலான ஒரு ஃபோர்ஸ் புஷ் நூற்றுக்கும் மேற்பட்ட ரெப்போக்களைப் பழைய நிலைக்குத் தள்ளியது. கிட்ஹப் உதவியுடன் அவை மீட்கப்பட்டன.

என்ன செய்யலாம்?

* உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருக்கும் கமிட்டுகளைத் தாராளமாகத் திருத்துங்கள்.
* மற்றவர் புல் செய்துவிட்டால் தொடாதீர்கள். பிழை இருந்தால் 'ரிவர்ட்' போதும்.
* திருத்தியே ஆக வேண்டுமா? முதலில் பேக்கப் கிளை ஒன்று எடுங்கள். டீமில் சொல்லிவிடுங்கள்.
* வெறும் ஃபோர்ஸுக்குப் பதில் 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' பயன்படுத்துங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு சர்வரில் யாராவது எதையாவது சேர்த்திருந்தால், அது புஷ்ஷைத் தடுக்கும். ஆனால் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்தால் இந்தக் காவல் ஏமாந்துவிடும்.
* தப்பு நடந்தால் பதறாமல் 'ரெஃப்லாக்' பாருங்கள். செட்டிங்கை மாற்றாதவரை, விடுபட்ட கமிட்டுகளின் பதிவு உங்கள் லேப்டாப்பில் 30 நாளாவது இருக்கும்.