கடலோரக் கேமரா – 9: கறுப்புக் கண்ணாடி

சென்ற வாரம் ட்ரைபாடை மணலில் புதையாமல் நிறுத்துவது எப்படி என்று பார்த்தோம். நிறுத்தியாயிற்று. இனி லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடிக்கு வருவோம்.

என்.டி. ஃபில்டர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். கூடவே கொஞ்சம் குழப்பத்தையும் கொடுப்பார்கள். ஒரு கம்பெனி 3.0 என்று பொறித்திருக்கும், இன்னொன்று என்.டி. 1000 என்று, மற்றொன்று 10 ஸ்டாப் என்று. மூன்றும் ஒரே சரக்குதான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகிறது. பத்து முறை பாதியாக்கினால் 1,024-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். 6 ஸ்டாப் கண்ணாடி 64-ல் ஒரு பங்கை உள்ளே விடும்.

சூரியன் கிளம்பிச் சற்று நேரத்தில், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 வைத்தால் மீட்டர் 1/60 நொடி காட்டுகிறது என்று வையுங்கள். 6 ஸ்டாப் மாட்டினால் அது ஏறக்குறைய 1 நொடியாகும். 10 ஸ்டாப் மாட்டினால் 17 நொடி. இரண்டையும் சேர்த்து மாட்டினால் 18 நிமிடம்! விடிவதற்கு முந்தைய அரையிருட்டில் கண்ணாடியே வேண்டாம். அந்த வெளிச்சமே சில நொடிகள் கேட்கும்.

என் கட்சி 1 நொடிக் கட்சி. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கிடக்கும் கருங்கற்களில் மோதிய தண்ணீர் திரும்பி ஓடும்போது 1 நொடி ஷட்டரைத் திறந்தால், வெள்ளைக் கோடுகள் இழுபட்டு, எந்தச் சந்தில் புகுந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதுகூடத் தெரியும். அலை வரும்போது அல்ல, திரும்பும்போது அழுத்த வேண்டும். 17 நொடியில் இரண்டு மூன்று அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கோடுகள் கலைந்துவிடும். நான்கு நிமிடம் விட்டால் கடலே இல்லை, கல்லைச் சுற்றி மூடுபனிதான். புதிதாகக் கண்ணாடி வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் அந்த நான்கு நிமிடத்துக்குத்தான் போகிறார்கள்.

அங்கே ஒருநாள் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். "நம்ம போட்டு இப்பத்தானே சார் குறுக்க போச்சு, படத்துல காணுமே?" என்றார். நீண்ட எக்ஸ்போஷரில் நகர்கிற எதுவும் ஓரிடத்தில் பதியுமளவு நிற்பதில்லை என்று விளக்கினேன். "அப்ப நாங்க நங்கூரம் போட்டாத்தான் படத்துல வருவோமா?" என்று சிரித்தார். போட்டாலும் ஆட்டத்தில் மங்கலாகத்தான் வருவார். ஆள் நடமாட்டமுள்ள நம் கரையில் நிமிடக்கணக்கில் எடுக்க எனக்கு மனம் வராததற்கு அவரும் ஒரு காரணம்.

புகைப்படக்காரர் மைக்கேல் கென்னாவுக்கு நிமிடக்கணக்கு பொருந்துகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவுப் பனியும் வெறுமையும் அவருடைய சதுரக் கறுப்பு-வெள்ளைப் படங்களில் நீண்ட எக்ஸ்போஷரால் இன்னும் ஆழமாகின்றன. இரவில் மணிக்கணக்கில் ஷட்டரைத் திறந்துவைக்கிறவர் அவர். அந்தக் கரையின் குணம் அது. அதை அப்படியே கோரமண்டல் கரைக்குக் கொண்டுவந்தால் ஒட்டாது.

வேடிக்கை என்னவென்றால், கடல் படத்தின் முன்னோடிகள் தவித்தது இதற்கு நேர்மாறாக. 1857-ல் பிரான்சின் தென்கரையில், செத் துறைமுகத்தில், குஸ்தாவ் லு க்ரே எடுத்த பேரலைப் படம் புகழ்பெற்றது. அன்றைய கொலோடியன் தகடு மந்தமானது. அதில் அலையை உருக்குலையாமல் பிடித்ததே சாதனை. நீல ஒளி அதில் அதிகமாகப் பதியும் என்பதால் கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளிறிவிடும். எனவே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என வைத்து ஒரே தாளில் அச்சிட்டார். அவர் பாடுபட்டு நிறுத்திய அலையை நாம் காசு கொடுத்துக் கரைக்கிறோம்.

இனி கைவேலை. ஃபோகஸை முதலில் முடித்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு அப்புறம் கண்ணாடியை மாட்டுங்கள். மாட்டிய பின் கேமரா தடவத்தான் செய்யும். டி.எஸ்.எல்.ஆர். என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள், பின்னாலிருந்து வெளிச்சம் கசிந்து படத்தைக் கெடுக்கும். கண்ணாடி கறுப்பாக இருக்கிறதே என்று அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணைக் கெடுக்கும் அகச்சிவப்பு அதில் தாராளமாக நுழையும். மலிவான கண்ணாடிகளில் படம் செம்பழுப்பாக வருவதும் பெரும்பாலும் அதனால்தான். வெல்டிங் கண்ணாடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுப்பவர்களும் உண்டு. படம் பச்சையாக வரும். கறுப்பு-வெள்ளையாக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மெனுவில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். அது ஓடினால், நான்கு நிமிடப் படத்துக்குப் பிறகு கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு நான்கு நிமிடம் தன் வேலையைப் பார்க்கும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நல்ல வெளிச்சம் போய்விடும். 1 நொடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

(தொடரும்)