வேன் பிடிக்கும் முன் கம்ப்யூட்டரைத் திறந்திடுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் பார்த்தாச்சு, பாட்டு கேட்டாச்சு, போட்டோ எல்லாம் ஏற்றியாச்சு. இனி இதில் வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில்: அடுத்த குடும்பப் பயணத்திற்கான வேன் கணக்கை அதில் போடுங்கள்.

நான் இருப்பது ஸ்ரீமுஷ்ணத்தில். பூவராக சுவாமி கோயிலால் பெயர் பெற்ற ஊர். ரயில் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேராக எங்கே போவதென்றாலும் வேன்தான். அதிலும் மாசி மகம் வந்துவிட்டால் கேட்க வேண்டாம். பூவராகர் தீர்த்தவாரிக்காக சிதம்பரம் அருகே உள்ள கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். வழியில் இஸ்லாமியர்கள் சுவாமிக்கு மரியாதை செய்து வரவேற்பது இந்த வட்டாரத்தின் பெருமை. அந்தச் சமயத்தில் வேன் கிடைப்பதே கஷ்டம். கிடைத்த வண்டியில் ஏறிவிடுவார்கள். எங்கள் தெருவில் வேன் பேசும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. அதற்காக என் கம்ப்யூட்டரில் நான் வைத்திருக்கும் சிறிய ஏற்பாட்டை இங்கே தருகிறேன்.

முதலில் தூரம்

பிரவுசரைத் திறந்து கூகுள் மேப்ஸ் தளத்திற்குச் செல்லுங்கள். புறப்படும் இடமாக ஸ்ரீமுஷ்ணம் என்று தமிழிலேயே டைப் செய்திடலாம். சேரும் இடம் சிதம்பரம் என்று கொடுத்தால் சுமார் 40 கிலோ மீட்டர் காட்டும். சேத்தியாத்தோப்பு வழியாகவும் போகலாம். காட்டுமன்னார்கோயில் வழியாகவும் போகலாம். எந்த வழி வேண்டுமோ அதன் மீது கிளிக் செய்திடுங்கள். பின்னர் அடுத்த இடத்தைச் சேர்க்கும் பட்டனை அழுத்தி கிள்ளை, பிச்சாவரம் என ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் மீண்டும் ஸ்ரீமுஷ்ணம் என்று முடியுங்கள். மொத்தம் சுமார் 110 கிலோ மீட்டர் வரும்.

இத்துடன் இன்னொரு தூரமும் சேர வேண்டும். வேன் எந்த ஊரிலிருந்து வருகிறது? பெரும்பாலான வண்டிக்காரர்கள் ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை கிலோ மீட்டர் கணக்கு வைப்பார்கள். வண்டி சிதம்பரத்தைச் சேர்ந்தது என்றால் அது காலியாக வந்து, காலியாகத் திரும்பும் சுமார் 80 கிலோ மீட்டரும் உங்கள் தலையில் விழும். 110 என்று நினைத்தது 190 ஆகிவிடும்.

எக்ஸெல் போடும் கணக்கு

வேன் வாடகை இரண்டு விதமாகப் பேசப்படுகிறது. ஒன்று, கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்பது. இதில் "குறைந்தபட்சம் இத்தனை கிலோ மீட்டர்" என்ற நிபந்தனை இருக்கும். நீங்கள் ஓடாத தூரத்திற்கும் பணம் கொடுக்க வேண்டும். மற்றொன்று நாள் வாடகை. வண்டிக்கு ஒரு தொகை, டீசல் நம் செலவு. இரண்டிலும் டிரைவர் பேட்டா தனி.

எது லாபம்? எக்ஸெல் தொகுப்பைத் திறந்திடுங்கள். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் நெட்டு வரிசையில் பெயர்களையும், அடுத்துள்ள பி வரிசையில் எண்களையும் கீழ்க்கண்டவாறு அமைத்திடுங்கள். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக் கொண்டவை. உங்களுக்குச் சொல்லப்பட்ட கட்டணத்தை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள்.

பி1: தூரம் – 110
பி2: குறைந்தபட்ச கிலோ மீட்டர் – 250
பி3: ஒரு கிலோ மீட்டர் கட்டணம் – 20
பி4: டிரைவர் பேட்டா – 500
பி5: நாள் வாடகை – 3500
பி6: ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் – 10
பி7: டீசல் விலை – 95
பி8: ஆட்கள் – 12

இப்போது பி10 செல்லில் கர்சரை வைத்து, பார்முலாவை ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் டைப் செய்திடுங்கள்: ஈக்குவல் குறி, மேக்ஸ், அடைப்புக்குள் பி1 கமா பி2, அடைப்பை மூடி நட்சத்திரக் குறி, பி3, பிளஸ் குறி, பி4. மேக்ஸ் என்பது இரண்டு எண்களில் பெரியதை எடுத்துக் கொள்ளும். என்டர் தட்டினால் 5,500 வரும். அடுத்து பி11 செல்லில் ஈக்குவல் குறி, பி5, பிளஸ், பி1, சாய்வுக் கோடு, பி6, நட்சத்திரக் குறி, பி7, பிளஸ், பி4. இதற்கு விடை 5,045. ஆக, நாள் வாடகைதான் 455 ரூபாய் மலிவு.

இனி வேடிக்கையைப் பாருங்கள். பி1 செல்லில் 110-ஐ அழித்துவிட்டு 190 என்று டைப் செய்திடுங்கள். கிலோ மீட்டர் கணக்கு அதே 5,500-இல் நிற்கும். நாள் வாடகை 5,805 ஆகிவிடும். இப்போது கிலோ மீட்டர் கணக்கு மலிவு! 400 என்று கொடுத்தால் முதலாவது 8,500, இரண்டாவது 7,800. மறுபடியும் நாள் வாடகையே மலிவு. தூரம் கூடக்கூட எது லாபம் என்பது இரண்டு முறை மாறுகிறது. இதை மனக்கணக்கில் பிடிப்பது கடினம். "கிலோ மீட்டருக்கு இருபதுதான் சார்" என்ற பேச்சில் மயங்காமல் இருக்க இந்த ஒரு ஒர்க்ஷீட் போதும்.

குறைந்த தொகையை பி8-ஆல் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று தெரியும். 5,045 ரூபாயை 12 பேர் பகிர்ந்தால் சுமார் 420 ரூபாய். கடைசி நேரத்தில் இரண்டு பேர் வரவில்லை என்றால் சுமார் 505 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பணம் வசூலித்தால் பிறகு மனவருத்தம் வராது.

மிக முக்கியமான சோதனை

பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். அடுத்த விஷயம் உயிர் பற்றியது. நீங்கள் ஏறப் போகும் வண்டி வாடகைக்கு ஓட அனுமதி பெற்றதா?

முதல் அடையாளம் நம்பர் பிளேட். மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளைப் பின்னணி என்றால் சொந்த உபயோக வண்டி, அதாவது நாம் சொல்லும் ஓன் போர்டு. இதை வாடகைக்கு ஓட்டுவது பர்மிட் இல்லாமல் ஓட்டுவதாகும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 192ஏ-இன்படி இதற்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் வண்டிக்காரருக்கு. ஆனால் விபத்து என்று வந்தால் பாடு நமக்கு. வாடகைக்கு ஓட்டியது பாலிசி நிபந்தனைக்கு விரோதம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதாட இடம் கிடைத்துவிடும். காயம்பட்டவர் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

திருவிழா நேரத்தில் மினி லாரியிலும் சரக்கு ஆட்டோவிலும் குடும்பத்தோடு ஏறுகிறவர்கள் இதைவிட ஆபத்தில் இருக்கிறார்கள். சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்திற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வேண்டவே வேண்டாம்.

பிளேட்டை மட்டும் நம்ப வேண்டாம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து கொண்டால், வண்டி எண்ணை வைத்து விவரம் பார்க்கலாம். போனில் பார்க்க எம்பரிவாஹன் என்ற அப்ளிகேஷன் இருக்கிறது. அதில் நான் கவனிப்பவை:

வாகன வகை: மேக்ஸி கேப் என்று இருந்தால், டிரைவர் நீங்கலாக 12 பேர் வரை ஏற்றும் வாடகை வண்டி. ஆம்னி பஸ், சொந்த உபயோகம் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். ஆம்னி பஸ் என்றவுடன் சென்னை போகும் சொகுசுப் பஸ் நினைவுக்கு வரும். சட்டத்தில் டிரைவர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டி எல்லாமே ஆம்னி பஸ்தான்.

தகுதிச் சான்று: எப்.சி. எனப்படும் இது, எட்டு வருடம் வரையிலான வாடகை வண்டிகளுக்கு இரண்டு வருடத்திற்கு ஒரு முறையும், அதன் பின் வருடத்திற்கு ஒரு முறையும் புதுப்பிக்கப்பட வேண்டும். நீங்கள் பயணம் செய்யும் தேதி அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ்: இதற்கும் அதே தேதிப் பொருத்தம் வேண்டும்.

இருக்கைகள்: இந்த எண்ணிக்கை டிரைவரையும் சேர்த்தது. 13 என்றால் நாம் 12 பேர். மடியில் உட்காரலாம் என்று 16 பேரைத் திணிக்காதீர்கள்.

எல்லை தாண்டினால்

நம் பக்கத்தில் பலர் மறந்துவிடும் விஷயம் இது. கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி. தெற்கே திருநள்ளாறு சனி பகவானைப் பார்க்கப் போனால் அதுவும் காரைக்கால், அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட பர்மிட் உள்ள வண்டி அங்கே செல்ல வேண்டுமானால் தனி அனுமதியும் வரியும் தேவை. வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டிடுங்கள்.

எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திடுங்கள்

பேசி முடித்ததும் வேர்டில் பத்து வரி டைப் செய்திடுங்கள். தேதி, புறப்படும் நேரம், போகும் இடங்கள், வண்டி எண், வாடகை முறை, குறைந்தபட்ச கிலோ மீட்டர், பேட்டா, டோல், பார்க்கிங், கொடுத்த அட்வான்ஸ். இதை வண்டிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிக் கொள்ளுங்கள். புறப்படும்போதும் திரும்பும்போதும் மீட்டரை போனில் போட்டோ எடுத்துவிட்டால் தூரத்தில் தகராறு வராது.

டிரைவரின் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் உங்கள் திட்டத்தில் நேரம் ஒதுக்குங்கள். விடியற்காலை கிளம்பியவரை நள்ளிரவு வரை ஓட்டச் சொன்னால் எப்.சி.யும் இன்சூரன்சும் சரியாக இருந்தும் பயனில்லை.

இந்த ஒர்க்ஷீட்டை அழித்துவிடாமல் "வேன்" என்ற பெயரில் சேவ் செய்திடுங்கள். அடுத்த முறை எண்களை மட்டும் மாற்றினால் போதும். வண்டி பேசப் போகும்போது ஒரு பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள். பேரம் பேசுவது எவ்வளவு எளிதாகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள்.